கயிறு முதல் கணிப்பொறி வரை

கட்டடக்கலை பயிலும் ஒருவர் இன்று தம் நாளின் பெரும்பகுதியை எங்கே கழிக்கிறார் என்று கேட்டால், கணிப்பொறியின் முன்னே என்பதுதான் விடை. ஐந்தாண்டு இளநிலைப் படிப்பை முடித்து, அதன்மேல் ஈராண்டு முதுநிலைப் படிப்பில் சேர்ந்தவருக்கு இஃது இன்னும் மிகுதியாகப் பொருந்தும். தாளும் பென்சிலும் பின்னுக்குச் சென்றுவிட்டன. திரையில் புள்ளிகளை இட்டு, அவற்றை இழுத்து, எண்களை மாற்றி, சுவரும் கூரையும் வளையக் காண்கிறார். இந்தப் புதுக் கல்வி வேறெங்கிருந்தோ நேற்று வந்து இறங்கியது என்று பலரும் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரியன்று. இராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என வடசென்னைக் கடலோரமாக ஒரு பகல் நடந்து செல்வோர், அந்தக் கல்வியின் ஆயிர ஆண்டு வரலாற்றைக் கண்ணாலேயே காணலாம். அவ்வரலாற்றைச் சிறிது எடுத்துரைப்பதே இன்றைய என் பேச்சின் நோக்கம்.

முதலில் அந்தக் கல்வி எத்தகையது என்பதை அறிந்துகொள்வோம். என்னிடம் பள்ளியில் பயின்ற பெண் ஒருத்தி இப்பொழுது கட்டடக்கலையில் முதுநிலை பயில்கிறாள். அவளுடைய தந்தை எண்ணூர்ப் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் கடைசல் வேலை செய்பவர். மகளுக்கு வேண்டிய கணிப்பொறியை வாங்கத் தொழிலாளர் கூட்டுறவுச் சிக்கனச் சங்கத்தில் கடன் பெற்றார். அந்தப் பெண் விடுமுறையில் என்னைக் காண வந்தபொழுது தன் படிப்பைப் பற்றி விரிவாகச் சொன்னாள்.

காலையில் வகுப்பு, பிற்பகலில் 'ஸ்டூடியோ' என்னும் வரைகூடம், இரவில் விடுதி அறையில் மீண்டும் அதே திரை. ஒரு கூரையின் வளைவை வரைய வேண்டுமென்றால், அதன் கோட்டை அவள் நேராக வரைவதில்லை. அவ்வளைவு எந்த விதிப்படி பிறக்க வேண்டும் என்பதை எழுதுகிறாள். தூண்களுக்கு இடையே உள்ள தொலைவு இவ்வளவு, உயரம் இவ்வளவு, வெயில் விழும் கோணம் இவ்வளவு என்று எண்களைத் தருகிறாள். ஓர் எண்ணை மாற்றினால் கூரை முழுவதும் தானே மாறிக்கொள்கிறது. நூறு வடிவங்களை ஒரே மாலைப்பொழுதில் பார்த்துவிடலாம். பின்னர் அவ்வடிவத்தை முப்பரிமாண அச்சுப்பொறி, விரல்கடை உயரத்தில் சிறு உருவாக வார்த்துத் தருகிறது. பருவ இறுதியில் 'ஜூரி' என்னும் ஆய்வாளர் குழுவின் முன் படங்களைச் சுவரில் ஒட்டி நிற்க வேண்டும். அவர்கள் கேட்கும் முதற்கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இந்த வளைவு ஏன்?"

"ஐயா, நூறு வடிவம் வரைவது எளிது, ஏன் என்ற கேள்விக்கு விடை சொல்வதுதான் கடினம்" என்றாள் அவள். நானும் அன்றுமுதல் அக்கேள்வியை நெஞ்சில் வைத்துக்கொண்டு, நம் கடற்கரையில் வளைகோடு வரைந்தவர்களையெல்லாம் எண்ணிப் பார்த்தேன். அவர்களுள் முதலாமவர் திருவொற்றியூரில் இருக்கிறார்.

திருவொற்றியூர்க் கோயிலில் மூலவர் ஆதிபுரீசுவரர் கருவறைக்கு மேல் எழும் விமானத்தைக் கண்டவர்கள், அதன் பின்புறம் சதுரமாக இல்லாமல் வட்டமாக வளைந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். படுத்திருக்கும் யானையின் பின்புறத்தை ஒத்திருப்பதால் இதனைத் தூங்கானை மாடம் என்றனர் முன்னோர். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில், அஃதாவது ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சதுரானன பண்டிதர் என்பாரின் முயற்சியால் இவ்விமானம் கருங்கல்லால் எடுக்கப்பட்டது. அதனைச் செய்தவன் பெயரைக் கல்வெட்டு மறவாமல் கூறுகிறது. இரவி என்ற வீரசோழத் தச்சன் என்பது அப்பெயர். கட்டுவித்த மன்னர்களின் பெயர் நிலைத்திருப்பதும் கட்டிய கலைஞரின் பெயர் மறைந்துபோவதும் உலகியல்பு. அவ்வியல்புக்கு மாறாக, நம் வடசென்னைக் கட்டடக் கலைஞன் ஒருவனின் பெயர் ஆயிரம் ஆண்டாகக் கல்லில் நிற்கிறது. இது நமக்குப் பெருமை தருவதன்றோ?

வீரசோழத் தச்சனிடம் தாளும் இல்லை, திரையும் இல்லை. அவன் மரபினரின் கருவிகள் கோலும் நூலும் முளையும் கயிறுமே. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு தச்சு முழம். நிலத்தில் ஒரு முளையை அடித்து, கயிற்றை அதில் கட்டி, மறுமுனையைச் சுற்றிக்கொண்டு வந்தால் வட்டம் பிறக்கும். அவ்வட்டத்தின் பாதியை நீள்சதுரத்தோடு பொருத்தினால் தூங்கானை மாடத்தின் அடித்தளம் கிடைத்துவிடும். வரைந்த இடமும் கட்டிய இடமும் ஒன்றே என்பதை இங்கே கருத்திற் கொள்ளவேண்டும். மண் இளகியதா, நீர் எங்கே தேங்குகிறது, காற்று எப்பக்கம் என்பவற்றையெல்லாம் வரைபவனுடைய காலே அவனுக்குச் சொல்லிவிடும்.

இனிக் கடலுக்கு வருவோம். துறைமுகம் தோன்றுவதற்கு முன் சென்னையில் கப்பல்கள் கரைக்கு வர இயலாது. தொலைவிலேயே நங்கூரமிட்டு நிற்கும். ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தவை மசூலா என்னும் படகுகள். அலை மீது அலையாக மோதும் அந்தக் கரையில் ஐரோப்பியரின் உறுதியான படகுகள் மோதி உடைந்தன. மசூலாவோ உடையவில்லை. அதில் ஆணி இல்லை. விலா எலும்பு போன்ற வங்குகளும் இல்லை. பலகைகளைக் கயிற்றால் தைத்திருந்தனர். அலை அடித்தால் படகு சிறிது நெளிந்து கொடுக்கும்; நெளிந்து கொடுப்பதால் பிழைக்கும். அந்த வளைவை எந்த ஏட்டிலும் வரைந்து வைத்திலர். கடலின் குணத்தை அறிந்த கைகள் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்தன.

இவ்வாறு கண்ணும் கையும் காத்த வளைவைப் பெரிய கப்பல்களுக்கு எடுத்துச் செல்வது எளிதன்று. நூறு முழ நீளமுள்ள கப்பலின் பக்கவாட்டு வளைவை எவ்வாறு பிசகாமல் வரைவது? இங்கிலாந்து முதலிய நாடுகளின் கப்பல் தச்சர்கள் அதற்கு ஓர் எளிய வழி கண்டனர். பெரிய கூடத்தின் தரையில், கப்பலின் உண்மை அளவிலேயே புள்ளிகளைக் குறித்தனர். வளையக்கூடிய மெல்லிய மரச்சட்டம் ஒன்றை அப்புள்ளிகளின் வழியே வளைத்து, அது நழுவாதபடி ஆங்காங்கே ஈயக்கட்டிகளை வைத்தனர். அந்த ஈயக்கட்டிகளுக்கு வாத்து என்று செல்லப்பெயர். சட்டத்துக்கு ஸ்பிளைன் என்று பெயர். மரம் தன் இயல்பால் எவ்வளவு குறைவாக வளைய முடியுமோ அவ்வளவே வளையும். ஆகவே கோடு வழவழவென்று அழகாக அமையும். இந்தச் சட்டத்தை மறந்துவிடாதீர்கள். பின்னர் கணிப்பொறிக்குள் இதனை மீண்டும் சந்திப்போம்.

சென்னையில் ஆங்கிலேயர் ஆட்சி வேரூன்றியபின், வரைதல் என்பது பள்ளியிற் கற்கும் பாடமாயிற்று. 1794ஆம் ஆண்டில் மைக்கேல் டாப்பிங் என்பார் கோட்டைக்கு அருகே நில அளவைப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். தொடக்கத்தில் மாணவர் எண்மரே. அப்பள்ளியே 1859இல் பொறியியற் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்குச் சென்றது. 1850இல் மருத்துவரான அலெக்சாண்டர் ஹண்டர் கலைப்பள்ளி ஒன்றை நிறுவினார். இன்று எழும்பூரில் உள்ள கவின்கலைக் கல்லூரியின் தோற்றம் அதுவே. அளப்பதற்கு ஒரு பள்ளியும் வரைவதற்கு ஒரு பள்ளியும் இவ்வாறு நமக்கு வாய்த்தன.

அக்காலத்து வரைகலையின் பயனை நேரிற் காண விரும்புவோர் இராயபுரம் புகைவண்டி நிலையத்துக்குச் செல்லவேண்டும். 1856ஆம் ஆண்டு சூன் திங்களில் ஆளுநர் ஹாரிஸ் பிரபு அதனைத் திறந்துவைத்தார். சூலை முதல் நாளில் அங்கிருந்து வாலாசா சாலை வரை தென்னிந்தியாவின் முதற் பயணிகள் புகைவண்டிப் போக்குவரத்துத் தொடங்கியது. வரிசையாக நிற்கும் அதன் உயர்ந்த தூண்களை எண்ணிப் பாருங்கள். அவற்றின் இலக்கணம் கிரேக்க, உரோமானியக் கட்டடங்களிலிருந்து வந்தது. அதனைக் கொண்டுவந்தது தாள். எங்கோ பிறந்த வடிவம் தாளில் ஏறிக் கடல் கடந்து வந்து, நம் ஊர்ச் செங்கல்லிலும் சுண்ணாம்பிலும் உருப்பெற்றது. கட்டடம் நெடுங்காலம் பழுதுற்றுக் கிடந்து 2005இல் புதுப்பிக்கப்பட்டது. இத்தகைய பழங்கட்டடங்களை அளந்து வரைவது கட்டடக்கலை மாணவர்க்கு இன்றும் ஒரு பாடம். முன்பு நாடாவைப் பிடித்து அளந்தார்கள். இன்று ஒளிக்கற்றையை வீசிக் கோடிக்கணக்கான புள்ளிகளைச் சிறிது நேரத்தில் திரட்டுகிறார்கள்.

தாளின் வலிமை இது. வரைந்தவர் ஓரிடத்திலும் கட்டுபவர் வேறிடத்திலும் இருக்கலாம். 1842இல் ஜான் ஹெர்ஷல் என்னும் அறிஞர் கண்ட நீலப்படி முறையும் பின்னாளில் கைகொடுத்தது. ஒரே படத்தை எத்தனை படி வேண்டுமானாலும் எடுக்க முடிந்தது. ஆனால் வரையும் இடம் ஒன்று, கட்டும் இடம் வேறு என்று ஆனவுடன், வீரசோழத் தச்சனின் கால் அறிந்தது தாளுக்குத் தெரியாமற் போகக்கூடும் என்ற அச்சமும் தோன்றியது. அவ்வச்சம் வீண் அன்று என்பதைச் சென்னைத் துறைமுகத்தின் வரலாறு காட்டுகிறது.

1861இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று கட்டப்பட்டது. அது போதாமையால் 1875ஆம் ஆண்டின் இறுதியில் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினர். கரையிலிருந்து இரண்டு கரங்களைப் போலச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டி, கிழக்கு நோக்கி வாயில் விட்டு வரைந்தனர். தாளில் அது செம்மையான வடிவம். 1881ஆம் ஆண்டு நவம்பரில் புயல் வந்தது. எழுப்பிய சுவர்களின் பெரும் பகுதி சிதைந்தது. மீண்டும் கட்டி முடிக்க 1896 ஆயிற்று. கிழக்கு வாயில் வழியே அலையும் மணலும் புகுந்து தொல்லை தந்தன. 1904இல் துறைமுகத் தலைவராக வந்த சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அவ்வாயிலை அடைத்து, வடகிழக்கில் புது வாயில் திறந்தனர். கணித மேதை இராமானுசன் 1912இல் எழுத்தராகப் பணியேற்றது இவர் தலைமையில் இருந்த அலுவலகத்தில்தான் என்பது உங்களுக்கு இனிய செய்தியாக இருக்கும்.

துறைமுகம் தப்பியது. ஆனால் கரை மாறியது. நம் கிழக்குக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி, தென்மேற்குக் காற்றுக் காலத்து அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கும். வடகிழக்குப் பருவக் காற்றில் அது சிறிது காலம் திரும்பும். எனினும் மொத்தத்தில் வடக்கே செல்வதே மிகுதி. இதனைக் கரையோரமாக ஓடும் மணல் ஆறு என்று கொள்ளலாம். துறைமுகச் சுவர் அந்த ஆற்றுக்கு அணையாயிற்று. அணைக்குத் தெற்கே மணல் சேர்ந்தது. மெரீனாக் கடற்கரை அகன்றது. வடக்கே மணல் வரவில்லை. கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் குப்பங்களில் எத்தனையோ வீடுகளும் தெருக்களும் கடலுக்குள் சென்றன. ஒரே கோடு, தெற்கே உலாவுமிடம் தந்தது. வடக்கே வாழுமிடம் பறித்தது. இன்று வடசென்னைக் கரையெங்கும் நீங்கள் காணும் கருங்கற் குவியல்களும், கடலுக்குள் நீளும் கல்வரிசைகளும், அக்கோட்டுக்கு நாம் செலுத்திவரும் வட்டி எனலாம்.

நாடு விடுதலை பெற்றபின் இக்கரையில் வரைகலை மற்றொரு முகம் காட்டியது. 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ் எண்ணூரில் ஆலை அமைத்து, 1955இல் அசோக் லேலண்டு ஆயிற்று. அதே 1955இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனம் தோன்றியது. அதன் மோட்டார் சைக்கிள் ஆலை திருவொற்றியூரில் எழுந்தது. இரண்டுக்கும் மூலம் இங்கிலாந்து. அங்குல அளவில் வரைந்த படங்களை நம்மவர் படித்துப் புரிந்துகொண்டு, 1956ஆம் ஆண்டுச் சட்டத்தின்பின் படிப்படியாக வந்த மெட்ரிக் அளவுக்கும் பழக வேண்டியிருந்தது. டிராப்ட்ஸ்மேன் என்ற வரைவாளர் வேலை இப்பகுதியில் மதிப்புப் பெற்றது. தொழிற்பயிற்சி நிலையத்தில் ஈராண்டு பயின்ற இளைஞர், சாய்ந்த பலகையின் முன் நாள் முழுவதும் நின்று வரைவார். டி-ஸ்கொயர், மூலைமட்டம், கவராயம், மைப்பேனா ஆகியவை அவர் கருவிகள். கோடு பிழைத்தால் பிளேடால் மெல்லச் சுரண்டி எடுத்துவிட்டு மீண்டும் வரைய வேண்டும். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த 1980களில், அத்தகைய வரைவாளர் பலர் என் மாணவர்களின் பெற்றோராக இருந்தனர். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளின் வடிவியல் நோட்டுகள் தனி அழகோடு இருக்கும். தந்தையின் கை மகனுக்கு வந்தது.

1957ஆம் ஆண்டு நம் வரலாற்றில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைத் துறை தோன்றியது. இன்று அண்ணா பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளியாக விளங்குவது அதுவே. அதே ஆண்டில் மாமல்லபுரத்தில் அரசினர் சிற்பக் கல்லூரி தோன்றியது. தாளின் வழி ஒன்று; கோலும் நூலும் காத்த வழி ஒன்று. இரண்டு கல்வியும் ஒரே ஆண்டில் தொடங்கியும் நெடுநாள் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன.

இதற்குள் கடல்களுக்கு அப்பால் கணிப்பொறி வரையக் கற்றுக்கொண்டிருந்தது. கார் உடலின் வளைவை எண்களாக மாற்றுவது எப்படி என்பதே பிரான்சு நாட்டுத் தொழிற்சாலைகளின் கேள்வி. சித்ரோவன் ஆலையில் பால் டி கஸ்தெல்யோ என்ற கணித அறிஞர் 1959இல் ஒரு வழி கண்டார். ஆலை அதனை மறைத்து வைத்தது. ரெனோ ஆலையில் பியேர் பெசியர் என்பார் தனியே அதே வளைவை அடைந்து வெளியிட்டமையால், அவர் பெயரே நிலைத்தது. 1963இல் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து என்ற மாணவர், ஒளிப்பேனாவால் திரையிலேயே வரையும் முறையைத் தம் முனைவர் பட்ட ஆய்வாகச் செய்துகாட்டினார். இன்று உலகமெல்லாம் வரையும் முறைக்கு வித்திட்டது ஒரு மாணவரின் ஆய்வேடு என்பதை எண்ணி நீங்கள் ஊக்கம் கொள்ளலாம்.

டி கஸ்தெல்யோவின் வழியை நீங்களே உங்கள் நோட்டில் செய்து பார்க்கலாம். அ, ஆ, இ என்று முக்கோணம்போல் மூன்று புள்ளிகள் இடுங்கள். அ-ஆ ஒரு கோடு, ஆ-இ ஒரு கோடு. இரண்டு கோடுகளின் நடுப்புள்ளிகளையும் இணையுங்கள். அவ்வாறு இணைத்த கோட்டின் நடுப்புள்ளி, வளைவின்மேல் ஒரு புள்ளி. பாதிக்குப் பதிலாக மூன்று கோடுகளிலும் கால் பங்கில் குறித்தால் மற்றொரு புள்ளி. முக்காற் பங்கில் குறித்தால் வேறொன்று. இப்படிப் பல புள்ளிகள் கண்டு சேர்த்தால், அ-வில் தொடங்கி இ-யில் முடியும் வளைகோடு தோன்றும். ஆ-வை அது தொடுவதில்லை. ஆயினும் ஆ-வை நோக்கியே சாய்கிறது. ஆ-வை நகர்த்தினால் வளைவும் நகரும். என் பழைய மாணவி இரவெல்லாம் திரையில் இழுப்பது இந்த ஆ-வைத்தான். கப்பல் தச்சரின் மரச்சட்டமும் இவ்வாறே எண்ணாக மாறியது. 1946இல் ஷோன்பெர்க் என்ற கணித அறிஞர் அவ்வகைக் கோட்டுக்கு ஸ்பிளைன் என்றே பெயரிட்டார். மரம் போய்க் கணக்கு வந்தது. ஈயக்கட்டி போய்ப் புள்ளி வந்தது. பெயர் மட்டும் மாறவில்லை.

புள்ளியைத் தொடாமல் புள்ளியைச் சுற்றிச் செல்லும் கோடு நமக்குப் புதிதா? விடியற்காலையில் வாசலில் நம் தாய்மார் இடும் சிக்குக் கோலம் வேறென்ன? இதனை நான் அணிக்காகக் கூறவில்லை. தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி முதலிய பேராசிரியர்கள் 1970களில் கோலத்தின் விதிகளை ஆராய்ந்து, கணிப்பொறி படங்களை ஆக்குவதற்கான இலக்கணமாக உலக அறிஞர்முன் வைத்தனர். சிறு விதி ஒன்றைத் திரும்பத் திரும்பச் செய்து பெரிய உருவை அடையும் அறிவு நம் வாசலிலேயே இருந்தது.

1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்குப் பெரிய கணிப்பொறி ஒன்று வந்தது. 1982இல் ஆட்டோகேட் என்னும் வரைமென்பொருள் அமெரிக்காவில் வெளிவந்தபின், மேசைக் கணிப்பொறியிலேயே வரைய முடிந்தது. சில ஆண்டுகளில் நம் தொழிற்சாலைகளிலும் சாய்ந்த பலகைகள் ஒவ்வொன்றாக மூலைக்குச் சென்றன. 1997இல் ஸ்பெயின் நாட்டுப் பில்பாவ் நகரில் பிராங்க் கெரி என்ற கட்டடக் கலைஞர், விமானம் வடிவமைக்கப் பிறந்த மென்பொருளைக் கொண்டு, கப்பல்போல் வளைந்து நெளியும் அருங்காட்சியகத்தைக் கட்டி முடித்தார். அந்நகரும் நம்முடையதைப் போன்றே துறைமுகமும் ஆலைகளும் நிறைந்த நகர்தான். அதன்பின் எந்த வளைவும் கட்டத்தக்கதே என்ற நம்பிக்கை மாணவரிடையே பரவியது.

மாணவர்களே, இந்த நம்பிக்கையை இங்கே சிறிது உரைத்துப் பார்க்கவேண்டும். என் பழைய மாணவி தன் முதலாண்டில் இராயபுரக் கடற்கரைக்கு ஒரு மீன் ஏலக்கூடம் வடிவமைத்தாள். அலைபோல் எழும் கூரை. வெயிலைக் கணக்கிட்டு வைத்த திறப்புகள். கரைக்கோட்டை வானிலிருந்து எடுத்த படம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டாள். ஆய்வாளர் ஒருவர் அந்தப் படம் எந்த ஆண்டுடையது என்று கேட்டார். அது பழைய படம். இதற்கிடையே கடல் நகர்ந்துவிட்டது. கூடத்தின் ஒரு மூலை கற்குவியலின்மேல் நின்றது! கணிப்பொறி ஒரு குற்றமும் சொல்லவில்லை. கொடுத்த கோட்டை அது நம்பியது.

அவள் கரைக்குப் போனாள். பல நாள் விடியலுக்கு முன் சென்று மீனவர்களோடு நின்றாள். படகு எப்பக்கம் திரும்பி அணைகிறது, பனிக்கட்டிப் பெட்டியை எத்தனை பேர் தூக்குகிறார்கள், கூடை இறக்கும் பெண்கள் எங்கே நிழல் தேடுகிறார்கள் என்று குறித்துக்கொண்டாள். காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் திசைதோறும் அவர்கள் வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டு எழுதினாள். பின்னர் அவ்வறிவையெல்லாம் எண்களாக்கி அதே பொறிக்குக் கொடுத்தாள். கூரையின் எழுச்சி குறைந்தது. கூடம் கரையிலிருந்து விலகியது. திறப்புகள் திசை மாறின. இரண்டாம் முறை "இந்த வளைவு ஏன்?" என்று கேட்டபொழுது, அவளிடம் விடை இருந்தது.

கோட்டில் ஒன்று விடுபட்டால் என்ன நேரும் என்பதற்கு எண்ணூரே அண்மைச் சான்று. கொசத்தலையாறு கடலோடு கலக்கும் கழிமுகம் மீனவர் வாழ்வுக்கும் வெள்ளம் வடிவதற்கும் இன்றியமையாதது. 1996இல் ஒப்புதல் பெற்ற கடற்கரை வரைபடத்தில் இருந்த கழிமுகத்தின் ஒரு நெடும்பகுதி, பின்னர் வந்த வரைபடத்தில் காணப்படவில்லை என்று அப்பகுதி மீனவர்களும் ஆர்வலர்களும் 2017இல் முறையிட்டனர். நீர் ஓடும் இடத்தைத் தாளில் நிலம் என்று காட்டிவிட்டால், அங்கே ஆலை எழுவதற்குத் தடையென்ன? நேரில் வலைவீசி வாழ்பவன், தாளில் இல்லாதவன் ஆகிவிடுகிறான். கோடு வரைவது எத்துணைப் பெரிய அதிகாரம் என்பதை உணருங்கள்.

அதனால்தான் அந்தத் தொழிலாளியின் மகள் கற்கும் கல்வியை நான் மிக மதிக்கிறேன். இருநூறு ஆண்டுகளாக இந்தக் கரை, பிறர் வரைந்த கோடுகளைத் தாங்கி வந்திருக்கிறது. துறைமுகத்தின் கோடு, இருப்புப்பாதையின் கோடு, ஆலைகளின் கோடு, 2001இல் செயற்படத் தொடங்கி 2014 முதல் காமராசர் பெயர் தாங்கும் எண்ணூர்த் துறைமுகத்தின் கோடு ஆகியவற்றால் நாடு பயன் பெற்றதை யாரும் மறுக்க முடியாது. ஆயினும் அக்கோடுகள் விழுந்த இடத்தில் வாழ்ந்தவர்கள் கல் சுமந்தார்கள், மணல் சுமந்தார்கள். பென்சிலைப் பிடித்தவர் மிகச் சிலர். இன்று அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் அதே கோட்டை வரையும் இடத்துக்கு வருகிறார்கள். மணல் எப்பக்கம் ஓடும் என்பதை அவர்கள் பாட்டியிடம் கேட்டறிவார்கள். அந்த அறிவும் கணிப்பொறியும் ஒன்று சேரும்பொழுதுதான் 1957இல் பிரிந்து தொடங்கிய இரண்டு வழிகளும் ஒன்றாகும்.

ஆகவே, கட்டடக்கலையையோ வேறு வடிவமைப்புக் கலையையோ பயில எண்ணும் மாணவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவே. கணிப்பொறியை அஞ்சாதீர்கள், அது கயிற்றுக்கும் மரச்சட்டத்துக்கும் பின்பிறந்த தம்பி. அதன் உள்ளே இருக்கும் கணக்கைக் கற்றுக்கொள்ளுங்கள். வரைவதற்கு முன் இடத்தைக் காலால் அளந்து வாருங்கள். அங்கே வாழ்பவரைக் கேளுங்கள். உங்கள் படத்தில் எதற்கு இடம் தரவில்லை என்று ஒருமுறை எண்ணிப் பாருங்கள். வரும் விடுமுறையில் ஒரு நாள் திருவொற்றியூருக்குச் சென்று, வீரசோழத் தச்சன் எடுத்த விமானத்தின் வளைவைச் சுற்றி வாருங்கள். கையோடு ஒரு கயிறும் ஒரு நோட்டும் கொண்டு செல்லுங்கள்.